புது ஸ்கி நாட்டிக் (2019): இழுபட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மிதவை_ஆறு (ஆர்லாண்டோ)

வாட்டர் ஸ்கிக்கு இழுக்கும் இந்தப் புதுப் படகைப் பற்றித் தமிழில் யாரும் எழுதக் காணோம், நானே ஆரம்பித்துவிடுகிறேன். எங்கள் ஏரிக்கு டீலர் டெமோவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு ஒரு செட் கிடைத்தது. நான் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்லாலம், அதாவது ஆறு மிதவைகளைச் சுற்றிச் சுற்றிப் போகிறவன். கயிற்றைக் குறைத்து 28 ஆஃப் பெரும்பாலும் வரும், 32 ஆஃப் அன்றைய நல்ல நேரத்தைப் பொறுத்தது.

முதலில் காலுக்குத் தெரிந்தது வேக், படகு பின்னால் எழுப்பும் அலை. 22 ஆஃபில் வெட்டிக்கொண்டு போகும்போது எங்கள் கிளப்பின் பழைய படகில் முன்முழங்காலில் 'டக்'கென்று ஒரு தட்டு வரும். அதற்காகவே உடம்பை ஒரு நொடி முன்னதாக இறுக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு. புதுப் படகிலும் இறுக்கினேன், தட்டு வரவில்லை. இரண்டாவது, நடுவில் சாரல் குறைவு. எதிர்காற்று லேசாக இருந்தது, முகத்தில் ஒன்றும் அடிக்கவில்லை.

மூன்றாவதுதான் பெரிய விஷயம்: இழுப்பு. மிதவையைச் சுற்றிவிட்டுக் கயிறு விறைக்கும்போது படகு வெடுக்கென்று பிடுங்காமல் மெத்தென்று எடுத்துக்கொண்டது. மூன்றாவது மிதவைக்கு நேரம் மிச்சம் இருப்பது போல ஓர் உணர்வு. 32 ஆஃப் முழுதாக முடித்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், மென்மை.

வேறு யாராவது போய்ப் பார்த்தீர்களா?

கயிற்றுக்கணக்கு (ஹூஸ்டன்)

நல்ல பதிவு நண்பரே, வாழ்த்துகள் 32க்கு. ஆனால் சில கேள்விகள்.

படகின் வேகத்தைப் பிடிக்கும் ஜீரோ ஆஃப் கருவியில் எந்த செட்டிங்? யார் ஓட்டினார்? படகில் எத்தனை பேர்? டேங்க் நிறைய இருந்ததா, கால்வாசியா? கயிறு யாருடையது?

குறை கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. நீங்கள் 'மெத்தென்று' என்று சொன்னது படகின் அடிப்பாகமான ஹல்லா, இல்லை த்ராட்டிலை ஆளும் கணினியா என்பது இந்த ஐந்தும் தெரிந்தால்தான் புரியும். ஏ, பி, சி என்று மூன்று எழுத்து, 1, 2, 3 என்று மூன்று எண். ஆக ஒன்பது விதமான இழுப்பு ஒரே படகுக்குள்ளேயே இருக்கிறது. ஏ1 ஒரு முனை, சி3 மறு முனை. இரண்டிலும் அடுத்தடுத்து இழுபட்டால் 'வேறு படகு' என்று சத்தியம் செய்வீர்கள்.

பழைய_196 (டென்னசி)

தம்பி, நான் இதை எத்தனை தடவை பார்த்துவிட்டேன். 2010ல் ஸ்கி நாட்டிக்கின் 200 மாடல் வந்தபோதும் இதே பேச்சுதான். முந்தைய மாடலான 196 போல வருமா என்று பாதிப் பேர், 196ஐ விற்றுவிட்டு வரிசையில் நின்றது மீதிப் பேர். 200 பெரிதாக இருக்கிறது, அகலமாக இருக்கிறது, பின்பக்கம் ஹைட்ரோகேட் என்று ஒரு தகடு வேறு என்று குறை சொன்னவர்களே இரண்டு வருடம் கழித்து அதில்தான் போட்டிக்குப் போனார்கள். 2014ல் எதிர்க் கம்பெனி மாஸ்டர்கிராஃப்ட் தன் புரோஸ்டார் படகைப் புதிதாகச் செதுக்கி விட்டபோதும் அப்படித்தான். முதல் மாதம் எல்லாருக்கும் எல்லாப் படகும் சொர்க்கம், மூன்றாவது மாதம் ஸ்கோர் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஸ்கி நாட்டிக் என்ற பெயர் 1961லிருந்து இருக்கிறது. கரெக்ட் கிராஃப்ட் கம்பெனி 1925லிருந்து. அவர்களுக்குப் படகு செய்யத் தெரியும், அதில் சந்தேகமில்லை. நமக்கு ஸ்கி போகத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். என் படகில் கேபிள் த்ராட்டில், அதற்கு ஜீரோ ஆஃப் மாட்டவே முடியாது. பழைய வேகக் கருவியான பெர்ஃபெக்ட் பாஸ்தான் ஓடுகிறது. 28 ஆஃப் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மிதவை_ஆறு

அண்ணா, நான் மேடை நேராக இருக்கிறது என்றுதானே சொன்னேன் :)

கயிற்றுக்கணக்கு, கேட்டதற்குப் பதில்: செட்டிங் பி2. ஓட்டியவர் டீலரோடு வந்தவர், அருமையான கை. படகில் அவரையும் சேர்த்து மூன்று பேர். டேங்க் பார்க்கவில்லை. கயிறு டெமோவோடு வந்த புதுக் கயிறு. கிளப்பில் நான் எப்போதும் சி1.

கயிற்றுக்கணக்கு

சி1லிருந்து பி2, புதுக் கயிறு, புது ஓட்டுநர். மாறாமல் இருந்தது உங்கள் ஸ்கி ஒன்றுதான் போலிருக்கிறது.

இதில் வேக் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அலையின் உயரத்தை எந்த செட்டிங்கும் மாற்றாது. இழுப்பு பற்றிச் சொன்னதை ஓரமாக வைக்கிறேன்.

புதுவரவு (ஆஸ்டின்)

மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். போன கோடையில்தான் நண்பர்களோடு ஆரம்பித்தேன், இன்னும் மிதவைகள் போட்ட கோர்ஸுக்குள் போகவில்லை. 22 ஆஃப், 32 ஆஃப் என்றால் என்ன? வேக் பற்றி எல்லாரும் இவ்வளவு பேசுகிறீர்கள், கயிறு குட்டையாகக் குட்டையாக வேக் மோசமாகும் என்றுதானே நினைத்தேன்? படகுக்குப் பக்கத்தில் போகிறோம் இல்லையா?

கயிற்றுக்கணக்கு

வாங்க. ஆஃப் என்பது 75 அடிக் கயிற்றிலிருந்து எத்தனை அடி குறைத்திருக்கிறோம் என்ற கணக்கு. 15 ஆஃப் என்றால் 18.25 மீட்டர், 22 என்றால் 16, 28 என்றால் 14.25, 32 என்றால் 13, 35 என்றால் 12, 38 என்றால் 11.25. அதற்கப்புறம் அரை மீட்டர் அரை மீட்டராகக் குறையும்: 10.75, 10.25, 9.75.

இப்போது வேடிக்கை. ஆறு மிதவைகளும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கின்றன. 38 ஆஃபிலேயே கயிறு அதைவிடக் குட்டை. மீதித் தூரத்தை உடம்பையும் கையையும் நீட்டி எட்ட வேண்டும். 2013ல் நேட் ஸ்மித் 9.75 மீட்டரில் இரண்டரை மிதவை எடுத்தார், அப்போது ஆண்கள் உலக சாதனை அது. கோர்ஸின் நுழைவு கேட்டிலிருந்து வெளியேறும் கேட்டுக்கு 259 மீட்டர். 58 கிலோமீட்டர் வேகத்தில் 16 வினாடிக்குக் கொஞ்சம் மேல், 55ல் கிட்டத்தட்ட 17. நீங்கள் எங்கே சுற்றினாலும், படகு தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

வேக் விஷயத்தில் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. படகின் வாலுக்குப் பக்கத்தில் அலை இன்னும் எழுந்து முடிந்திருக்காது, தாழ்வாக, பஞ்சு போல இருக்கும். பின்னால் போகப் போகத்தான் எழுந்து கெட்டியாகும். அதனால் நீளக் கயிற்றுக்காரர்கள்தான் மேட்டில் ஏறி இறங்குகிறார்கள். வேகம் குறைந்தாலும் அலை உயரும், படகு நீரில் ஆழமாக உட்காருவதால். ஆக 46 கிலோமீட்டரில் 15 ஆஃப் போகும் பிள்ளைதான் படகின் ஹல்லைப் பற்றி உண்மையைச் சொல்ல முடியும். 39 ஆஃப் போகும் புரோ சொல்லும் 'வேக் பிரமாதம்' என்பதை வைத்து நீங்கள் படகு வாங்காதீர்கள். அவர் அந்த அலையைத் தொடுவதே இல்லை.

புதுவரவு

புரிந்தது, நன்றி. அப்படியானால் விளம்பர வீடியோக்களில் எல்லாம் ஏன் புரோக்களையே காட்டுகிறார்கள்?

பழைய_196

பிள்ளைகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள், அதனால்தான்.

ஸ்டியரிங்_பக்கம் (ஜார்ஜியா)

நான் போட்டிகளில் படகு ஓட்டுகிறவன். ஸ்கியும் போவேன், ஆனால் இந்தப் படகைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையிலிருந்துதான். இழையில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸ் நடுவே படகு போகும் பாதையின் இரு பக்கமும் மிதவைகள் உண்டு. அவற்றுக்கு நடுவே 2.3 மீட்டர் இடைவெளி. படகின் வயிறு கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிற அகலம். அதற்குள் நேராகப் போக வேண்டும். பின்னால் 90 கிலோ ஆள் ஒருவர் வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம், கயிறு கட்டியிருக்கும் பைலன் என்ற கம்பத்தை முழு பலத்தோடு இழுக்கிறார். எஞ்சினையும் பைலனையும் படகின் நடுவில் வைப்பதே இதற்காகத்தான்: இழுப்பு எடை மையத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் வால் ஆடாது. அடியில் மூன்று ஃபின்கள் வரிசையாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் ஆடும். அதை ஸ்டியரிங்கில் ஒரு விரல் அகலம் திருப்பி ஈடு கட்டுகிறோம். அந்த ஒரு விரல் முன்னே பின்னே ஆனால் ஸ்கியருக்குத் தெரிந்துவிடும்.

புதுப் படகில் அந்த ஒரு விரல் அரை விரலாகக் குறைந்திருக்கிறது. எடையைக் குறைத்தால் படகு இழுப்புக்கு அதிகம் ஆடும் என்று பயந்துகொண்டுதான் ஏறினேன். நான் ஓட்டிய அளவில் அப்படி இல்லை. கனமான ஒருவர் 28 ஆஃபில் விழப்போய்ச் சமாளித்து எழுந்து, விறைத்த கயிற்றில் தொங்கினார். அந்த இடத்தில் பழைய படகுகள் வாலை அவர் பக்கம் கொடுத்துவிடும். இது லேசாகச் சிலிர்த்துவிட்டு நேரே போயிற்று. பார்வையும் நன்றாக இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் எங்கே வருகிறது என்பது ஸ்கியர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது, எனக்கு அதுதான் எல்லாம். பாதை மிதவைகள் கடைசி வரை கண்ணிலிருந்து மறையாமல் இருந்தால் தோள் இறுகாது. தோள் இறுகாவிட்டால் கை நேராக இருக்கும்.

இன்னொன்று. இப்போது ஷ்யூர்பாத் வந்துவிட்டது. படகு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று ஜிபிஎஸ் வைத்து ஒவ்வொரு மிதவைக்கும் எண்ணாகக் காட்டுகிறது. முன்பு ஸ்கியர் கரைக்கு வந்து 'உன் கோடு சரியில்லை' என்பார், நான் 'உன் கேட் சரியில்லை' என்பேன், இரண்டு பேரும் காப்பி குடிக்கப் போய்விடுவோம். இப்போது எண் பேசுகிறது. நேர்கோடு பிடிக்கும் படகு என்பது வெறும் சொகுசு இல்லை என்று ஆகிவிட்டது. ஸ்கியர் பக்கமே படகைச் சாய்த்து ஓட்டி உதவுகிற ஓட்டுநர்களுக்கும் வேலை கஷ்டம்தான். யாரென்று சொல்ல மாட்டேன்.

மிதவை_ஆறு, உங்களை ஓட்டியவர் டீலரோடு வந்த 'அருமையான கை' என்றீர்கள். உங்கள் 32 ஆஃபில் பாதிக்கு அவர் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.

மிதவை_ஆறு

எழுதிக்கொண்டேன் சார். பாதி எனக்கு விட்டதற்கு நன்றி.

யாராக்கரை (மெல்பர்ன்)

எல்லாரும் ஸ்லாலம் ஸ்லாலம் என்றே பேசுகிறீர்கள். இது ஸ்லாலம், ட்ரிக், ஜம்ப் என்று மூன்று பிரிவுக்குமான போட்டிப் படகு. எங்கள் வீட்டில் பெரியவள் ட்ரிக், சின்னவன் இப்போதுதான் கோர்ஸுக்குள் முழுதாகப் போக ஆரம்பித்திருக்கிறான், 43 கிலோமீட்டரில். ஆகவே கயிற்றுக்கணக்கு சொன்ன அந்த 'உண்மை சொல்லும் பிள்ளை' என்னிடம் ஒன்று இருக்கிறது.

அவனை வைத்து நான் பார்த்தது: வேக்கைத் தாண்டும்போது ஸ்கி மேலே கிளம்புகிறதா என்று மட்டும் கவனித்தேன். பிள்ளைகளுக்கு எடை கிடையாது, மேடு கெட்டியாக இருந்தால் பந்து போலக் கிளம்பிவிடுவார்கள். மறுபக்கம் இறங்கும்போது இடுப்பு பின்னால் போய்விடும், அடுத்த மிதவை அவ்வளவுதான். இதில் ஸ்கியின் நுனி லேசாகத் தூக்கியது, உடனே உட்கார்ந்தது. ஆளைத் தூக்கவில்லை. அவனைக் கேட்டால் 'ம், நல்லா இருந்துச்சு' என்பான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் இறங்கியதும் இன்னொரு முறை போகலாமா என்று கேட்டான். வழக்கமாகக் கேட்க மாட்டான்.

ட்ரிக் நேர் எதிர்க் கதை. அங்கே அலை வேண்டும். 30 கிலோமீட்டர் வாக்கில் போகும்போது இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், விளிம்பு கூர்மையாக, நுரை இல்லாமல் இருக்க வேண்டும். நடுவே மேஜை போலத் தட்டையான தண்ணீர் வேண்டும். இருபது இருபது வினாடியாக இரண்டு ஓட்டம், அதற்குள் ஒரு பக்கம் நுரைத்துக் கொண்டிருந்தால் திருப்பம் எல்லாம் கெட்டுப்போகும். ஸ்லாலம்காரர்களுக்காக அலையை அமுக்கிய படகு ட்ரிக் வேகத்தில் எப்படி இருக்கும் என்பதுதான் என் கவலையாக இருந்தது. பெரியவள் சொன்னது: வலது இடது சமமாக இருக்கிறது, விளிம்பு நன்றாக இருக்கிறது, உயரம் இன்னும் ஒரு சாண் இருந்தால் சந்தோஷம். அவள் எப்போதும் இன்னும் ஒரு சாண் கேட்பாள்.

ஆட்கள் உட்காரும் இடம் ட்ரிக்கில் ரொம்பவே பேசும். ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் ஒருவர் மட்டும் ஏறினால் படகு சாய்ந்து ஒரு பக்க அலை நுரைத்துவிடும். நாங்கள் இடப்பக்கம் எடைப்பை ஒன்றை வைத்துச் சமப்படுத்திய பிறகுதான் பார்த்தோம். டெமோவுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, யாரும் சொல்லவில்லை: ஓட்டம் முடிந்து ஸ்கியரை இறக்கியபின் திரும்பி வரும் அலைகள். குறுகிய தண்ணீரில் அது பெரிய தலைவலி. யாரா ஆற்றில் மூம்பா போட்டியைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அலை கரையில் மோதித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். படகு எவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிறது என்பது அடுத்து வரும் ஸ்கியருக்கும் கணக்கு.

கயிற்றுக்கணக்கு

அக்கா, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான். கடைசிப் புள்ளி எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஏரி மனிதர் தோண்டியது, நீளமாக, ஒடுக்கமாக, ஆழம் கம்மி. ஆழம் குறைந்த தண்ணீரில் அலை இன்னும் கெட்டியாகத் தெரியும். ஆர்லாண்டோ ஏரியில் மெத்தென்று இருந்தது இங்கே எப்படியோ.

ஜம்ப் பற்றி எழுத ஆளே இல்லையா?

பழைய_196

ஜம்ப் போகிறவர்களுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்து டைப் செய்ய முடியாது.

வார_இறுதி_மட்டும் (வட கரோலினா)

விலையைப் பற்றி யாராவது பேசுங்களேன். ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. வீட்டில் சொன்னால் என்னையும் சேர்த்து டிரெய்லரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இவ்வளவு கொடுத்து வாங்கும் படகில் நடுவில் எஞ்சின் பெட்டி, சுற்றி நாலு பேர் முட்டி இடிக்க உட்கார வேண்டும். குடும்பத்தோடு போக விரும்புகிறவனுக்கு இது என்ன படகு?

நான் முன்பு ஒரு கம்பெனியின் புது மாடலை வந்த முதல் வருடமே வாங்கினேன். பெயர் வேண்டாம். கோடை முழுக்க டாஷ்போர்டுத் திரை நினைத்தபோது அணைந்துவிடும், அது அணைந்தால் வேகக் கட்டுப்பாடும் கூடவே போய்விடும். டீலர் ஒவ்வொரு முறையும் 'அப்டேட் வருகிறது' என்றார். அப்டேட் வந்தபோது ஏரி உறைந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு முடிவு, முதல் வருடப் படகு எதுவும் என் பணத்தில் கிடையாது. அடுத்தவர் பணத்தில் என்றால் சந்தோஷமாக இழுபடுவேன்.

ஸ்டியரிங்_பக்கம்

அடுத்தவர் பணம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. இங்கே ப்ரோமோ திட்டம் என்று ஒன்று நடக்கிறதே, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனிகள் தேர்ந்தெடுத்த ஸ்கியர்களுக்கும் கிளப்புகளுக்கும் புதுப் படகைச் சலுகை விலையில் கொடுக்கும். அவர்கள் அதைப் போட்டிகளுக்குக் கொண்டுவர வேண்டும், டெமோ காட்ட வேண்டும். ஒரு சீசன் ஓடியதும் படகை விற்றுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். போட்டிகளே இதனால்தான் நடக்கின்றன. வாடகைக்குப் படகு எடுத்துப் போட்டி நடத்த எந்தக் கிளப்புக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இணையத்தில் முதல் மாதம் வரும் விமர்சனங்களில் பெரும்பகுதி அந்தப் படகை இலையுதிர்காலத்தில் விற்கப் போகிறவர்கள் எழுதுவது. பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. விற்கப் போகும் பொருளின் குறை கண்ணில் படாது, மனித சுபாவம் அது.

இன்னொரு பக்கம், நம் மாதிரி ஆட்களுக்கு இதில் லாபம் உண்டு. அந்த ஒரு சீசன் ஓடிய படகுகள்தான் வாங்க உகந்தவை. முதல் வருட வியாதிகள் எல்லாம் அதற்குள் வெளியே வந்து சரிசெய்யப்பட்டிருக்கும்.

ப்ரோமோ_ஆள் (ஃப்ளோரிடா)

சரி, நான் அப்படிப்பட்ட ஒருவன்தான், ஒளிக்க ஒன்றும் இல்லை. புதுப் படகுதான் ஓட்டுகிறேன், சீசன் முடிந்ததும் விற்பேன். அதற்காக என் காலில் படும் அலை பொய் சொல்லாது.

குறையும் சொல்கிறேன், கேளுங்கள். 34 கிலோமீட்டரில் பிள்ளைகளை இழுக்கும்போது அலை இருக்கத்தான் செய்கிறது, யாரும் அதை மாயமாக்கிவிடவில்லை. 35 ஆஃபுக்கு மேல் எனக்கு 200க்கும் இதற்கும் வேக்கில் வித்தியாசம் தெரியவில்லை. 6.2 லிட்டர் எஞ்சின் வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்லாலமுக்கு 5.3 லிட்டரே போதும் என்பது என் கருத்து. கனமான ஆட்கள் நிறைய இருக்கும் கிளப், அல்லது ஜம்ப் அதிகம் என்றால் 6.2 பார்க்கலாம். எஞ்சின் பெரிதானால் ஜீரோ ஆஃப் கொடுக்கும் இழுப்பின் தன்மையும் கொஞ்சம் மாறும், ஆகவே பழைய செட்டிங்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து 'படகு கடுமையாக இழுக்கிறது' என்று சொல்லாதீர்கள்.

புது எஞ்சினை ஓடப் பழக்கும் காலத்தில் டெமோ எடுத்தால் அதையும் கணக்கில் வையுங்கள். ஒரே வேகத்தில் தொடர்ந்து ஓட்டாதே என்று கையேடு சொல்லும் சமயம் அது. ஓட்டுநர் ஓட்டத்துக்கு ஓட்டம் வேகத்தை மாற்றிக்கொண்டிருப்பார், உங்களுக்குத் தொடர்ந்து நாலு ஓட்டம் ஒரே மாதிரி கிடைக்காது.

மட்டுறுத்துநர்

நல்லபடியாகப் போகிறது, அப்படியே போகட்டும். விலை, கடன், டிரெய்லர் பற்றிய பேச்சை 'வாங்குவது விற்பது' பகுதிக்கு எடுத்துப் போங்கள். வேக்போர்டுப் படகுகள் பற்றி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சண்டை வேண்டாம்.

புதுவரவு

ஒரு கடைசிக் கேள்வி. இந்தப் படகை அங்கீகரிப்பது யார்? கம்பெனி தானே 'போட்டிப் படகு' என்று போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டியரிங்_பக்கம்

முடியாது. அமெரிக்காவில் வாட்டர் ஸ்கி சங்கத்தின் சோதனை ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. கம்பெனிகள் படகைக் கொண்டுவந்து நிறுத்தும். அங்கே ஓட்டுநர்களும் ஸ்கியர்களும் வேகக் கட்டுப்பாடு, நேர்கோடு, கையாளும் விதம், வேக் என்று பார்த்துத் தேறினால்தான் போட்டிக்கு அனுமதி. மாஸ்டர்கிராஃப்டும் மாலிபுவும் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள். அதனால்தான் நான் எப்போதும் சொல்வது, அங்கீகாரம் பெற்ற எந்தப் படகும் மோசம் கிடையாது. நாம் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் நல்லதுக்கும் கொஞ்சம் கூடுதல் நல்லதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை.

கயிற்றுக்கணக்கு

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். எங்கள் பக்கமும் படகு வந்தது, நாங்கள் கொஞ்சம் ஒழுங்காகப் பார்த்தோம்.

ஏற்பாடு இது: எங்கள் 200 ஒரு கரையில், புதுப் படகு மறு கரையில். இரண்டுக்கும் ஒரே ஓட்டுநர், ஒரே கயிறு, ஒரே இரண்டு பேர் ஏறி இறங்கினார்கள். டேங்க் இரண்டும் பாதி. ஸ்கியர்கள் மாறி மாறி இரண்டிலும் போனோம். எந்தப் படகு என்று ஸ்கியரிடம் மறைக்க முடியாது, கண் இருக்கிறதே. ஆனால் ஜீரோ ஆஃப் எழுத்தை மறைக்கலாம். ஓட்டுநர் மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சொல்லாமல் மாற்றினார்.

வந்த முடிவில் எனக்கே ஆச்சரியம். 15, 22 ஆஃபில் எல்லாருமே புதுப் படகின் வேக்தான் மெத்து என்றார்கள். தயக்கமே இல்லை. அதிலும் 49 கிலோமீட்டரில் போன பெண்மணி ஒருவர் இரண்டாவது வேக்கைத் தாண்டும்போது முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன் என்றார், இதில் மூடவில்லையாம். 28ல் கருத்து பிரிந்தது. 32க்கு மேல் வேக்கைப் பற்றி யாரும் பேசவே இல்லை, எல்லாரும் இழுப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த இழுப்பைப் பற்றி அவர்கள் சொன்னதையும் ஓட்டுநரின் தாளையும் ஒப்பிட்டால், 'மென்மை' என்றது பெரும்பாலும் ஏ வரிசை, 'பிடுங்குகிறது' என்றது சி வரிசை, படகு எதுவாக இருந்தாலும். ஒருவர் 200ல் ஏ2 போய்விட்டு வந்து 'புதுப் படகின் சுகமே தனி' என்று தொடங்கி, பின்னால் திரும்பிப் படகைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நேர்கோடு விஷயத்தில் எங்கள் ஓட்டுநரும் ஸ்டியரிங்_பக்கம் சொன்னதையேதான் சொன்னார், கை குறைவாக வேலை செய்கிறது என்று. அது எனக்கு வேக்கைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. கிளப்பில் அனுபவம் குறைந்த ஓட்டுநர்களும் ஓட்டுவார்கள். அவர்கள் ஓட்டும்போதும் கோடு நேராக இருந்தால் நம் எல்லாருக்கும் லாபம்.

சாரல் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை. காற்று பின்னாலிருந்து வந்தது.

பழைய_196

200ல் ஏ2 போனவர் பெயரைத் தனிமடலில் அனுப்பு.

இப்போது நேரடியாக ஒரு கேள்வி. என் பேரன் 40 கிலோமீட்டரில் 15 ஆஃப்கூட இல்லை, முழுக் கயிறு 23 மீட்டர். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வித்தியாசம் அவனுக்குத்தான் அதிகம் தெரிய வேண்டும். அங்கே யாராவது பார்த்தீர்களா?

யாராக்கரை

அண்ணா, சின்னவனோடு முழுக் கயிற்றிலும் ஒரு ஓட்டம் பார்த்தோம். அலை அங்கே கொஞ்சம் விரிந்து தாழ்ந்துவிடுகிறது, ஆகவே 15 ஆஃபைவிட அதில் வித்தியாசம் குறைவாகவே தெரிந்தது. 18.25 மீட்டரும் குறைந்த வேகமும் சேரும் இடம்தான் மோசமானது. பேரன் கயிற்றைக் குறைக்கும் நாளில் அழைத்துப் போங்கள்.

மிதவை_ஆறு

எங்கள் கிளப் டீலரிடம் படகை இன்னொரு தரம் கேட்டிருக்கிறது, ஒரு வார இறுதி முழுக்க. கயிற்றுக்கணக்கு செய்தது மாதிரியே தாள் வைத்துப் பார்க்கப் போகிறோம். இந்த முறை நான் சி1லேயே தொடங்குகிறேன். ஆர்லாண்டோ பக்கம் ஓட்டுநர் உரிமம் உள்ளவர்கள் யாராவது இரண்டு நாள் ஸ்டியரிங் பிடிக்க வர முடியுமா? டீலரோடு வரும் அந்த அருமையான கை வேண்டாம். மதியச் சாப்பாடு எங்கள் செலவு.

ஸ்டியரிங்_பக்கம்

சாப்பாடு என்ன என்று சொல்லுங்கள், யோசிக்கிறேன்.